பிஸ்கேயைத் தாண்டினதும் ஸ்பெயினில் எந்தச் சின்னத் துறைமுகத்தில் ஒதுங்கலாம்?

சேன்பியேர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் ரீயூனியன் தீவில் சேன் பியேரில் இருக்கோம். நான் புதுச்சேரிக்காரன், அவங்க இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க. ரெண்டு பேருமா சேர்ந்து பிரான்சில் லா ரொஷெல்லில் ஒன்பதரை மீட்டர் பழைய பாய்மரப் படகு ஒண்ணு வாங்கியிருக்கோம். வர்ற ஆகஸ்டில் விடுப்புப் போட்டுட்டு பிஸ்கே வளைகுடாவைத் தாண்டி ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரமா லிஸ்பன் வரை கொண்டு போறதா திட்டம். அங்கே படகை விட்டுட்டு வேலைக்குத் திரும்பணும்.

எங்க அனுபவம்னா சேன் பியேருக்கும் சேன் ழிலுக்கும் பல தடவை போய்வந்தது, ஒரு தடவை மொரீஷியஸ் வரை. ராத்திரி முழுக்க முறை போட்டுக் காவல் இருந்து ஓட்டினது அந்த ஒரு தடவைதான். மூணு ராத்திரி தொடர்ந்து கடலில் இருந்ததில்லை.

கேட்க வந்தது இதுதான். பிஸ்கே தாண்டினதும் முதலில் எங்கே ஒதுங்கலாம்? லா கொருன்யா மாதிரி பெரிய ஊர் வேண்டாம்னு மனைவி சொல்றாங்க. சின்ன ஊரா, படகைக் கட்டிட்டு நடந்தே சுத்திப் பார்க்கிற மாதிரி இருந்தா நல்லதாம். ஆடி மாசம் முழுக்க அவங்க கவுச்சி தொட மாட்டாங்க, அதுக்கு அங்கே வழி இருக்கா? எங்களுக்குத் தமிழ், பிரெஞ்சு, கிரேயோல் தெரியும். ஸ்பானிஷ் சுத்தமா தெரியாது. ஓர்கா, கொலைகாரத் திமிங்கிலம்னு சொல்வாங்களே, அது பத்தியும் நிறைய கேள்விப்படுறோம், மனைவிக்கு அதில் பயம் இருக்கு.

போய் வந்தவங்க யாராவது சொல்லுங்க.

டர்பன் துறையாள்:

வணக்கம் சார். நான் டர்பன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். நண்பர் ஒருத்தரோட படகில் ஆளா சேர்ந்து வீகோவில் இருந்து காதிஸ் வரை ஒரு தடவை போயிருக்கேன். எங்க கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வாங்கியாகணும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஓர்கா விஷயம் முதல்ல. பேரில் திமிங்கிலம்னு இருந்தாலும் ஓங்கில் (டால்பின்) சாதிதான் அது. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஒரு சின்னக் கூட்டம் பாய்மரப் படகுகளோட சுக்கானைத் தேடி வந்து இடிக்குது, கடிக்குது. அந்தக் கூட்டத்தில் மொத்தமே நாற்பதுக்கும் குறைவு, அழிவின் விளிம்பில் இருக்கிற இனம். ஆளைத் தாக்கினதில்லை. ஆனா சுக்கான் பிய்ஞ்சா அந்த வழியா தண்ணி ஏறும், சில படகுகள் முழுகியிருக்கு. கரையை ஒட்டி, இருபது மீட்டருக்குள்ள ஆழத்திலேயே போங்க. ஆழத்தில் மாட்டிக்கிட்டா எஞ்சினைப் போட்டுக் கரைப்பக்கம் திருப்புங்க, நிக்காதீங்க. எங்கே எப்போ தென்பட்டதுன்னு வரைபடத்தில் போட்டுக்கிட்டே இருக்காங்க, தினமும் காலையில் அதைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

ஊர்னு கேட்டா என் ஓட்டு பையோனாவுக்கு. வீகோ பக்கத்தில், போர்ச்சுகல் எல்லைக்குக் கொஞ்சம் வடக்கே. கொலம்பஸோட மூணு கப்பலில் பிந்தா 1493 மார்ச் 1ல் முதல்ல வந்து சேர்ந்த துறை அதுதான். அமெரிக்கா பத்தின சேதி ஐரோப்பாவுக்கு அந்தக் கரையில்தான் இறங்கினது. அதே அளவில் ஒரு பிந்தாவைச் செஞ்சு துறையிலேயே கட்டி வச்சிருக்காங்க. அதில் ஏறிப் பார்த்தா, இத்தனூண்டு மரக்கலத்திலா அந்தப் பெருங்கடலைத் தாண்டினாங்கன்னு நெஞ்சு கனத்துப் போகும்.

காரைக்கால் வள்ளி:

தம்பி, பையோனா நல்ல ஊர்தான், மறுக்கலை. ஆனா அது ஸ்பெயினோட வடமேற்கு மூலையில் இருக்கிற ஃபினிஸ்தெர் முனையைச் சுத்தினதுக்கு அப்புறம் வருது. நீங்க கேட்கிறது முதல் ஒதுங்கல். மூணு ராத்திரி தூக்கம் கெட்ட உடம்போட அந்த முனையைச் சுத்தாதீங்க. கோடையில் அங்கே வடகிழக்குக் காத்து அடிச்சா அடிச்சதுதான், எங்க அப்பா பேச்சில் சொன்னா வாடையும் கொண்டலும் கலந்த காத்து. முனைக்கு முந்தியே ஒதுங்கி, தூங்கி எழுந்து, அப்புறம் சுத்துங்க. நான் சொல்ற ஊர் கமரின்யாஸ். 2022 ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரரும் ஆறு நாள் அங்கே கிடந்தோம். கிடக்கணும்னு நினைச்சுப் போகலை. போன கதையைச் சொல்றேன், எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நான் காரைக்கால் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள், அப்பா கட்டுமரத்தில் போனவர். கல்யாணம் ஆகி ரீயூனியன் வந்து இருபத்தாறு வருஷம். வீட்டுக்காரர் லெ போரில் டீசல் மெக்கானிக். எங்க படகும் லா ரொஷெல்லில் வாங்கினதுதான், பத்து மீட்டர், அடிக்கட்டை தண்ணிக்குள்ள ஒண்ணே முக்கால் மீட்டர்.

ஆகஸ்ட் 8 திங்கட்கிழமை ராத்திரி கிளம்பினோம். கமரின்யாஸ் வரை நானூறு கடல் மைலுக்குக் கொஞ்சம் குறைவு, எங்களுக்கு எண்பது மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இருநூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிற தரை சட்டுனு நாலாயிரத்துக்கும் கீழே இறங்குற விளிம்பு ஒண்ணு உண்டு. அதைத் தாண்டுற நேரத்தில் அலையோட நடையே மாறும். தங்கச்சிகிட்ட முன்னமே சொல்லி வையுங்க, அந்த நேரத்தில் கீழே சமையல்கட்டில் நிக்க வேண்டாம். நான் கிளம்புற அன்னைக்கே புளிச்சோறு கிளறி டப்பாவில் அமுக்கி வச்சிருந்தேன். ரெண்டு நாளைக்கு அதுவும் சுக்குக் காப்பியும்தான்.

கரை கண்ணுக்குத் தெரியிறதுக்கு முந்தி மூக்குக்குத் தெரிஞ்சது. வெள்ளிக்கிழமை விடிய இன்னும் நேரம் இருக்கு, நான்தான் சுக்கானில். நிலத்துக் காத்து லேசா வந்தது, அதில் நீலகிரித் தைலம் வாசனை. வீட்டுக்காரர் தலைவலிக்குப் பூசிக்கிட்டார்னு நினைச்சுக் கீழே எட்டிப் பார்த்தா மனுஷன் அசந்து தூங்குறார். அந்தக் கரை மேடெல்லாம் யூகலிப்டஸ் காடு. அப்புறம்தான் விலான் முனை விளக்கு வெட்டி வெட்டி அடிக்கிறது தெரிஞ்சது. ஸ்பெயினில் மின்சாரத்தில் எரிஞ்ச முதல் கலங்கரை விளக்கம் அது, 1896ல் இருந்து எரியுது. அந்தக் கரைக்கே மரணக் கரைன்னு பேர். 1890 நவம்பரில் சர்பென்ட்ங்கிற இங்கிலீஷ் போர்க்கப்பல் அங்கே பாறையில் மோதி, பிழைச்சவங்க மூணே பேர். செத்தவங்களைப் புதைச்ச இடம் கடலோரத்தில் தனியா இருக்கு, ஒருநாள் நடந்து போய்க் கும்பிட்டுட்டு வந்தோம்.

முகத்துவாரத்தில் பாறைத்திட்டு உண்டு, விளக்குகளையும் மிதவைகளையும் வரைபடத்தோட ஒத்துப் பார்த்தே நுழையணும். உள்ளே திரும்பினதும் எஞ்சின் சூடாகி அலாரம் கத்திச்சு. கடல்பாசி உறிஞ்சு குழாயை அடைச்சு, தண்ணி பம்பில் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் கிழிஞ்சு போச்சு. மாத்து இம்பெல்லர் பெட்டியில் இருக்கு, எடுத்தா அளவு வேறே. படகை வித்தவர் கொடுத்த உதிரிப் பெட்டியைத் திறந்து ஒண்ணொண்ணாப் பொருத்திப் பார்க்காதது எங்க தப்பு. மெக்கானிக் வீட்டிலேயே இப்படி. நீங்க லா ரொஷெல்லில் கிளம்புறதுக்கு முந்தி இம்பெல்லர், பெல்ட், டீசல் வடிகட்டி மூணையும் கழட்டி மாட்டிப் பார்த்துடுங்க.

முன்பாயை மட்டும் வச்சுக்கிட்டு மெல்ல உள்ளே வந்து, ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டோம். ஆழமானி அஞ்சரை மீட்டர் காட்டினது. தாராளம்னு படுத்துட்டோம். காலை ஏழு மணி.

அன்னைக்குப் பௌர்ணமி. மேற்கே நிலா முழுசா இறங்கிக்கிட்டு இருந்ததை நானே பார்த்தேன். பார்த்தும் அது என் புத்தியில் ஏறலை. ரீயூனியனில் ஏத்தவத்தம் ஒரு மீட்டர்கூட வராது, இத்தனை வருஷத்தில் அதைக் கணக்குப் பண்ணுற பழக்கமே விட்டுப்போச்சு. ஸ்பெயினோட இந்த வடமேற்கு மாநிலம் கலீசியாவில் பௌர்ணமி, அமாவாசைக்கு நாலு மீட்டர் வரை ஏறி இறங்கும். நாங்க நங்கூரம் போட்டது ஏத்தம் முடிஞ்சு வத்த ஆரம்பிச்ச நேரம். பதினொரு மணி வாக்கில் யாரோ படகுப் பக்கவாட்டில் தட்டுற சத்தம். மேலே ஏறிப் பார்த்தா, காலையில் தண்ணியா இருந்த இடத்தில் கரும்பாறையும் பாசியும் தெரியுது. ஆழமானியில் ரெண்டு புள்ளி ஒண்ணு. அடிக்கட்டைக்குக் கீழே ஒரு முழம்கூட இல்லை, தண்ணி இன்னும் வத்துது.

தட்டினவர் சின்ன மோட்டார் படகில் வந்த பெரியவர். நாங்க முழிக்கிறதைப் பார்த்துட்டுப் பிரெஞ்சில் கேட்டார், கயிறு இருக்கான்னு. ஜெனிவாவில் முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவராம். அந்தக் கரையோர ஊர்களில் இருந்து சுவிட்சர்லாந்துக்குப் பிழைக்கப் போனவங்க நிறைய. அதனால மொழிக்குக் கவலைப்படாதீங்க தம்பி, வயசானவங்ககிட்டப் பிரெஞ்சில் கேட்டுப் பாருங்க. எங்களை இழுத்துக்கிட்டுப் போய்ப் படகுக் கழகத்து மிதக்கும் பாலத்தில் கட்டிவிட்டார். காசு நீட்டினேன், கையைத் தட்டி விட்டார். மறுநாள் தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரு பையில் கொண்டுவந்து வச்சுட்டுப் போனார். எங்க அப்பா இருந்தா, நிலாவைப் பார்த்துட்டு எப்படிடி தூங்கினேன்னு கேட்டிருப்பார்.

இம்பெல்லர் லா கொருன்யாவில் இருந்து வரணும். வெள்ளி மதியம் சொல்லியாச்சு. சனி, ஞாயிறு போக, திங்கட்கிழமை ஆகஸ்ட் 15, மாதா திருநாள், ஸ்பெயின் முழுக்க விடுமுறை. நீங்களும் ஆகஸ்டில்தான் போறீங்க, அந்த வாரத்தில் எதுவும் ரிப்பேர் வராத மாதிரி நாளைப் பாருங்க. சாமான் புதன்கிழமைதான் வந்தது.

அந்த ஆறு நாளில் ஊரைப் பார்த்தேன். கமரின்யாஸ் லேஸ் பின்னலுக்குப் பேர்போன ஊர். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டுப் பொம்பளைங்க உட்கார்ந்திருப்பாங்க, மடியில் வைக்கோல் அடைச்ச கட்டைத் தலையணை. அது மேல துளை போட்ட அட்டை, துளையெல்லாம் குண்டூசி. நூல் சுத்தின மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாத் தொங்குது. வலது மேல இடது, முறுக்கு, ஊசி குத்து, மறுபடி வலது. குச்சிங்க ஒண்ணோடொண்ணு மோதுற சத்தம் தெருவெல்லாம் கேட்கும். எனக்கு அப்பா வலை பொத்துற சத்தம் ஞாபகம் வந்துடுச்சு. அவர் ஊசியும் இப்படித்தான் கட்டைவிரல் நகத்தில் உரசி டிக் டிக்னு கேட்கும். ஒரு பாட்டியம்மா நான் நிக்கிறதைப் பார்த்து நாலு குச்சியைக் கையில் கொடுத்தாங்க. ஒரு கண்ணி போட்டேன். இழுத்துப் பார்த்துட்டுத் தலையாட்டினாங்க, அவிழ்க்கலை. அந்த லேஸில் என் கண்ணி ஒண்ணு இருக்கு. ஆம்பளைங்க கடலுக்குப் போன ஊரில் பொம்பளைங்க விரல் சும்மா இருக்காது, நம்ம குப்பத்திலும் அப்படித்தான்.

சாப்பாடு. நாங்க போய்ச் சேர்ந்தது ஆடிக் கடைசி வெள்ளி, நானும் விரதம்தான். கலீசியா முழுக்க ஆக்டோபஸும் சிப்பியும். ஆனா பத்ரோன் மிளகாய் கேளுங்க, பச்சையாச் சின்னதா இருக்கும், எண்ணெயில் வதக்கிக் கல்லுப்புத் தூவித் தருவாங்க. பெரும்பாலும் உறைக்காது, திடீர்னு ஒண்ணு உறைக்கும். ரீயூனியன் பிமான் மிளகாய் சாப்பிடுற நாக்குக்கு அது ஒண்ணுமில்லை. முட்டை ஆகும்னா தொர்த்தீயாங்கிற உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லாக் கடையிலும் உண்டு. சாலட்னு கேட்டா மேல சூரை மீனை வச்சுத் தந்துடுவாங்க, சூப்பில் பன்றிக் கொழுப்பு கிடக்கும். கறி வேண்டாம்னு மட்டும் சொன்னா மீனும் ஹாமும் அதில் சேராதுன்னு நினைச்சுக்குவாங்க. ‘சின் ஹமோன், சின் அத்தூன்’, அதாவது ஹாம் இல்லாம, சூரை இல்லாமன்னு ரெண்டையும் பேர் சொல்லியே விலக்கணும். மதியம் ரெண்டு மணிக்குக் கடை சாத்தினா அஞ்சுக்குத்தான் திறக்கும், ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு அப்புறம். அரிசி, பருப்பு, புளி படகில் இருக்கட்டும்.

எதிர்க்கரையில் முஷியான்னு ஒரு ஊர். அங்கே கடலை ஒட்டிப் பாறை மேலயே படகு மாதா கோயில். மாதா கல் படகில் வந்து இறங்கினாங்கன்னு ஐதீகம். வெளியே கிடக்கிற பெரும் பாறைகளில் ஒண்ணு படகு, ஒண்ணு பாய், ஒண்ணு சுக்கான். பாய்க் கல்லுக்குக் கீழே ஒன்பது தடவை குனிஞ்சு நுழைஞ்சு வந்தா இடுப்பு வலி தீரும்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் ஒன்பதையும் எண்ணி நுழைஞ்சார். வேளாங்கண்ணிக்கு நாங்க வருஷா வருஷம் போனவங்க. அங்கேயும் புயலில் தப்பின போர்த்துகீசிய மாலுமிகள் கதைதான் சொல்வாங்க. அந்தப் பாறையில் நின்னப்ப, கரையிறங்கின மாலுமிகளுக்கு மாதா ஏன் தேவைப்பட்டாங்கன்னு உடம்பாலேயே புரிஞ்சது.

மாஹெபூர் தமிழன்:

வள்ளி அக்கா, முஷியா பேரைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியலை. 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் எண்ணெய்க் கப்பல் உடைஞ்சப்ப முதல் அடி வாங்கின ஊர்களில் அதுவும் ஒண்ணு. 2020 ஜூலை 25ல் மொரீஷியஸில் எங்க பக்கம் வகாஷியோ கப்பல் தரைதட்டி, ஆகஸ்ட் 6ல் எண்ணெய் கசிய ஆரம்பிச்சப்ப, நாங்க மாஹெபூர் கரையில் கரும்புச் சோகையைத் துணிக்குள்ள திணிச்சு நீள நீளமாத் தைச்சுக் கடலில் மிதக்க விட்டோம். என் அம்மா ராத்திரி பகலாத் தைச்சாங்க. எண்ணெய் வாசனை வீட்டுத் திரைச்சீலையில் எத்தனையோ நாள் போகவே இல்லை. முஷியாவில் அந்த நினைவுக்கு வெடிச்ச மாதிரி பிளந்த ஒரு பெரிய கல் நிறுத்தியிருக்காங்கன்னு படத்தில் பார்த்திருக்கேன். அங்கே இப்போ கடல் எப்படி இருக்கு அக்கா? சிப்பியெல்லாம் திரும்ப வந்துடுச்சா?

சேன்பியேர்வாசி:

வள்ளி அக்கா, மனைவிக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். நிலா இடத்தில் நிறுத்தச் சொல்லி ரெண்டாம் தடவை கேட்டாங்க. துறையாள் அண்ணனுக்கும் நன்றி. ரெண்டே கேள்வி. கட்டக் கயிறு எவ்வளவு நீளம் வேணும்? ஓர்கா பயத்தோட நீங்க அங்கிருந்து எப்படிக் கிளம்பினீங்க?

காரைக்கால் வள்ளி:

மாஹெபூர் தம்பி, அந்தக் கல்லைப் பார்த்தேன், நடுவில் கையை விட்டுத் தடவியும் பார்த்தேன். கடல் தெளிவா இருக்கு. பாறையில் சிப்பி அப்பியிருக்கு, பிள்ளைங்க இறங்கிக் குளிக்குது. கறுப்பு எதையும் என் கண் பார்க்கலை. உங்க அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

சேன்பியேர் தம்பி, மிதக்கும் பாலத்தில் கட்டினா அது தண்ணியோடயே ஏறி இறங்கும், சாதாரணக் கயிறு போதும். கல் சுவரில் கட்ட நேர்ந்தாத்தான் ஆபத்து. கயிறு குட்டையா இருந்தா வத்தத்தில் படகு அந்தரத்தில் தொங்கும். பன்னெண்டு மீட்டருக்குக் குறையாத கயிறு நாலு வச்சுக்கோங்க. நங்கூரத்துக்கு, ஆழமானி காட்டுற அளவோட ஏற வேண்டிய தண்ணியையும் கூட்டி அதுக்கு நாலு மடங்கு சங்கிலி விடுங்க. வத்தத்துக்குக் கழிச்சுப் பார்த்து அடிக்கட்டைக்குக் கீழே ரெண்டு மீட்டராவது நிக்கணும். நீங்க போற வாரத்தில் பௌர்ணமியோ அமாவாசையோ வருதான்னு நம்ம பஞ்சாங்கத்திலேயே பார்த்துக்கலாம், அதுக்கு ஸ்பானிஷ் வேண்டாம்.

இன்னொண்ணு, காப்பீட்டுத் தாளை ஸ்பானிஷிலும் ஒரு பிரதி வாங்கிடுங்க, கழகத்தில் முதலில் கேட்டது அதைத்தான். ஸ்பெயின் கொடியை வலப்பக்கம் ஏத்துங்க. கலீசியாக் கொடி வெள்ளையில் நீலப் பட்டை, அதையும் கூட ஏத்தினா அவங்க முகம் மலரும்.

ஓர்காவுக்கு நானும் பயந்தவள்தான். நாங்க கமரின்யாஸில் கிடந்த வாரம், ஜூலைக் கடைசியில் போர்ச்சுகலில் சினெஸ் பக்கம் ஒரு படகு முழுகின பேச்சுத்தான் துறை முழுக்க. இழுத்துவிட்ட அதே பெரியவர்கிட்டப் போய்க் கேட்டேன். வரைபடத்தை விரிச்சு, ஃபினிஸ்தெர் வரை கரையை ஒட்டி எந்தப் பாறைக்கு எவ்வளவு தள்ளிப் போகணும்னு பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். வியாழன் காலையில் ஏத்தம் பார்த்துக் கிளம்பினோம், அந்தப் பென்சில் கோட்டில் இருந்து விலகலை. ஓர்கா எதையும் பார்க்கலை. அந்த வரைபடம் என்கிட்ட இருக்கு. நான் லெ போரில்தான் இருக்கேன், ஒரு ஞாயித்துக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்க, கோட்டை உங்க வரைபடத்தில் ஏத்திக்கலாம். மதியச் சாப்பாடு நம்ம வீட்டில்.